குர்துபாவின் ரண வைத்தியர்

பணிப்பெண் ஒருத்தி கத்தியை எடுத்துத் தன் கழுத்தைத் தானே அறுத்துக் கொண்டாள். அறுபட்ட குர்பானிப் பிராணியைப் போல் அவள் கதறிக் கொண்டிருக்க, வீட்டார் வைத்தியரை அழைத்து வந்தார்கள். வந்தவர் பதறவில்லை. முதலில் காயத்தை நன்கு திறந்து பார்த்தார்கள். இரத்தம் அதிகம் போகவில்லை. பெரிய இரத்தக் குழாய் எதுவும் வெட்டுப்படவுமில்லை. ஆனால் மூச்சுக் குழாயின் ஒரு பகுதி அறுபட்டு, அதன் வழியே காற்று வெளியேறிக் கொண்டிருந்தது. உடனே காயத்தைத் தைத்தார்கள். ஆறும் வரை உடனிருந்து கவனித்தார்கள். குரல் சற்றுக் கம்மியதைத் தவிர அவளுக்கு ஒரு குறையும் நேரவில்லை. சில நாட்களில் பூரண சுகம் பெற்றாள்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்படிச் சிகிச்சை செய்தவர் அபுல் காஸிம் கலஃப் இப்னு அப்பாஸ் அஸ்ஸஹ்ராவீ (ரஹ்) அவர்கள். மூச்சடைத்துத் தவிக்கும் நோயாளிக்குத் தொண்டையில் துளையிட்டு மூச்சு விடச் செய்யலாம் என்று முன்னோர் எழுதி வைத்திருந்தனர். அதைச் செய்தவர் எவரையும் தம் நாட்டில் அன்னார் கண்டதில்லை. எனினும் மூச்சுக் குழாயின் காயம் ஆறிவிடும் என்பதை இப்பெண்ணின் மூலம் நேரில் கண்டு, அம்முறை ஆபத்தானதன்று என்று பதிவு செய்தார்கள்.

அன்னார் பிறந்தது, இன்றைய ஸ்பெயினில் குர்துபா நகருக்கு மேற்கே சுமார் எட்டுக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த மதீனத்துஸ் ஸஹ்ராவில். கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் அந்நகரைக் கட்டத் தொடங்கிய 936ஆம் ஆண்டையொட்டியே அன்னாரின் பிறப்பும் கணிக்கப்படுகிறது. ஊரின் பெயரே 'ஸஹ்ராவீ' எனப் பெயரோடு ஒட்டிக் கொண்டது. 'அன்ஸாரீ' என்ற குடிப்பெயரோ மதீனாவின் அன்ஸாரித் தோழர்களின் வழித்தோன்றல் என்பதைக் குறிக்கிறது.

அக்காலத்தில் கத்தி பிடிப்பது கற்றவரின் வேலையாகக் கருதப்படவில்லை. ஏடு படித்த வைத்தியர் மருந்து சொல்வார்; அறுப்பதும் சுடுவதும் படிப்பில்லாதவர் கைக்குப் போயிற்று. அதனால் போன உயிர்கள் எத்தனையோ! ஒரு பெண்ணின் கழுத்துக் கட்டியை அறிவில்லாமல் அறுத்த ஒருவன் இரத்தக் குழாய்களையும் சேர்த்து அறுத்துவிட, அவள் அங்கேயே இரத்தம் வடிந்து மாண்டாள். மற்றொருவன் ஒரு முதியவரின் மூத்திரப்பையிலிருந்து பெரிய கல்லை எடுக்கப் போய், பையிலேயே ஒரு துண்டைச் சேர்த்து எடுத்துவிட்டான். மூன்றாம் நாளளவில் அவர் இறந்து போனார். அந்த முதியவருக்குச் சிகிச்சை செய்ய முதலில் அழைக்கப்பட்டவர் ஸஹ்ராவீ அவர்கள்தாம். கல்லின் அளவையும் முதியவரின் நிலையையும் பார்த்து, பிழைக்க மாட்டார் என உணர்ந்து, கை வைக்காமல் விலகியிருந்தார்கள்.

கற்றுத் தேராதவர் வைத்தியம் செய்து கேடு விளைந்தால், அதற்கு அவரே பொறுப்பாளி என்பது நபி (ஸல்) அவர்களின் போதனையை ஆதாரமாகக் கொண்ட ஷரீஅத் சட்டமாகும். அன்னார் இச்சட்டத்தைத் தம் கைக்கே போட்டுக் கொண்ட கட்டாக வைத்திருந்தார்கள். உடலின் அமைப்பை அறியாதவன் கத்தியைத் தொடக் கூடாது. காசாசை பிடித்து ஆபத்தான நோயில் கை வைக்கவும் கூடாது. மாணவர்களைப் பிள்ளைகளே என்று அழைத்து அவர்கள் வற்புறுத்தி எழுதியது இதைத்தான்.

இனி, பிளந்த சதையை அன்னார் மூடிய விதத்தைப் பாருங்கள். வயிறு கிழிந்து குடல் வெளியே வந்துவிட்டால், குளிர்ந்த காற்றுப் பட்டு அது உப்பிக் கொள்ளும், உள்ளே போகாது. அதை முரட்டுத்தனமாகத் திணிக்கக் கூடாது. வெந்நீரில் நனைத்ததை வைத்து ஒத்தடம் கொடுத்தால் வீக்கம் வடியும். அப்படியும் போகாவிட்டால் காயத்தையே சிறிது அகலமாக்கிக் குடலை உள்ளே செலுத்தி, பிறகு வயிற்றைத் தைக்க வேண்டும். அதற்குத் தையல் முறைகள் பலவற்றை எழுதியிருக்கிறார்கள். ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்துத் தைப்பது அவற்றில் ஒன்று.

குடலிலேயே சிறு காயம் இருந்தால்? அதன் விளிம்புகளைச் சேர்த்துப் பிடித்து, பெரிய தலையுள்ள எறும்பைக் கடிக்க விட வேண்டும். கடித்ததும் உடலைக் கிள்ளிவிட்டால், தலை மட்டும் கொக்கி போல் கவ்வி நிற்கும். இம்முறை நம் நாட்டு சுசுருதரின் நூலிலும் உள்ளது. மற்றொரு வழி, பிராணிகளின் குடலிலிருந்து எடுத்த மெல்லிய நூலால் தைப்பது. அந்த நூல் நாளடைவில் உடலுக்குள்ளேயே கரைந்து விடும். பிரித்தெடுக்க மறுபடியும் வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. இந்தக் குடல் நூல் இருபதாம் நூற்றாண்டிலும் மருத்துவமனைகளில் வழங்கி வந்தது. இன்று பெரும்பாலும் செயற்கை இழைகள் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன. சிறு துளை வழியே குழாய் செலுத்திச் செய்யும் இக்கால அறுவையிலும், உள்ளே போடும் தையலுக்குக் கரையும் இழையே பெரிதும் உதவுகிறது.

மூக்கு, உதடு, காது கிழிந்தால், இரத்தம் காயாத புதுக் காயமாக இருக்கும்போதே விளிம்புகளைச் சேர்த்துத் தைத்துவிட வேண்டும் என்கிறார்கள். நாளாகி, இரு விளிம்பும் தனித்தனியே தோல் மூடி ஆறிவிட்டால், வெறுமனே சேர்த்துத் தைத்தால் ஒட்டாது. அந்தத் தோலைச் சுரண்டி, இரத்தம் கசியச் செய்த பிறகே தைக்க வேண்டும். இன்றைய அறுவை மருத்துவரும் கைக்கொள்ளும் விதி இது.

சுமார் ஐம்பதாண்டு அனுபவத்தை அன்னார் முப்பது பாகங்கள் கொண்ட 'அத்தஸ்ரீஃப்' என்ற கிதாபாக்கி, 1000ஆம் ஆண்டளவில் முடித்தார்கள். தாமே தொகுத்துக் கொள்ள இயலாதவர்களுக்காக என்பதே அதன் முழுப் பெயரின் கருத்து. கடைசிப் பாகம் அறுவை மருத்துவத்துக்கு உரியது. அதில் ஏறத்தாழ இருநூறு கருவிகளைப் படம் வரைந்து விளக்கியிருக்கிறார்கள். அன்னாரை நேரில் கண்ட இமாம் இப்னு ஹஸ்ம் (ரஹ்) அவர்கள், சொல்லையும் செயலையும் இவ்வளவு ஒருங்கே திரட்டிய மருத்துவ நூல் வேறில்லை என்ற கருத்துப்பட மெச்சியிருக்கிறார்கள்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் தோலேடோ நகரில் ஜெரார்டு என்பார் அறுவைப் பாகத்தை லத்தீனில் பெயர்த்தார். 1363இல் பெருநூல் எழுதிய பிரெஞ்சு அறுவை மருத்துவர் கீ தெ ஷோலியாக், அன்னாரை ஏறத்தாழ இருநூறு இடங்களில் எடுத்துக் காட்டினார். 1465இல் அமாஸ்யா நகரத்து ஷரஃபுத்தீன் சாபுன்ஜுஓக்லு அதைத் தழுவித் துருக்கியில் எழுதினார். 1497இல் வெனிஸ் நகரில் லத்தீன் நூல் அச்சேறியது.

ஸஹ்ரா நகரமோ, உள்நாட்டுக் கலகத்தில் 1010ஆம் ஆண்டளவில் சூறையாடப்பட்டது. கட்டத் தொடங்கி எண்பதாண்டு கூட ஆகவில்லை! ஹிஜ்ரி 404, அதாவது 1013 வாக்கில் அன்னாரும் வஃபாத்தானார்கள். மண்மூடிப் போன மாளிகைகளை 1911 முதல் தோண்டி எடுத்து வருகிறார்கள். அன்னாரின் இல்மைத் தோண்டி எடுக்க வேண்டிய தேவை எவருக்கும் ஏற்படவில்லை. அது கைமாறி வாழ்ந்து கொண்டேயிருந்தது.

நம் வீட்டில் பிள்ளைக்கு வெட்டுக் காயம் பட்டால் காப்பித் தூளை அப்புகிறோம். பட்டம் பெறாதவரிடம் காட்டிவிட்டு நாளைக் கடத்துகிறோம். அந்தப் பிள்ளை நம்மிடம் இருக்கும் அமானிதம். சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்துக் கொண்டு, தாமதியாமல் கற்றறிந்த மருத்துவரிடம் கொண்டு செல்வோமாக! ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ். கற்றவரின் கை அதற்கு அவன் வைத்த காரணம்.

அல்லாஹுத்தஆலா அன்னாரின் கப்ரை ஒளிமயமாக்கி அருள்வானாக! ஆமீன்.