சோதனைக்குழாயில் ஒரு கசகசா

கசகசா நம் சமையலறைகளுக்குப் புதிதன்று. குருமாவிலும் பாயசத்திலும் சேரும் அச்சிறு விதை, அபினிச் செடியின் காயில் விளைவது. முற்றாத காயைக் கீறினால் வடியும் பாலிலிருந்தே மார்பின் என்னும் வலிநீக்கி மருந்து கிடைக்கிறது. இந்த விதையைச் செடியில் அன்றிக் கண்ணாடிக் குழாயினுள் கருவுறச் செய்து விளைவித்துக் காட்டியது தில்லிப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறை. அத்துறையை உலகறியச் செய்தவர் பஞ்சானன் மகேஸ்வரி.

1904ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் செய்ப்பூரில் பிறந்த மகேஸ்வரி, அலகாபாத்தில் உள்ள ஈவிங் கிறித்துவக் கல்லூரியில் பயின்றார். அங்கு வின்ஃபீல்டு டட்ஜன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் தாவரங்களின் அக அமைப்பின்மீது அவருக்குத் தீராத ஆர்வத்தை ஊட்டினார். தம் மாணவர் தம்மை விஞ்சி நிற்பதே தமக்கு மகிழ்ச்சி என்பது டட்ஜனின் எண்ணம். இந்த நன்றிக்கடனை எவ்வாறு தீர்ப்பது என்று மகேஸ்வரி கேட்டபோது, தாம் அவருக்குச் செய்ததை அவர் தம் மாணவர்களுக்குச் செய்தால் போதும் என்று ஆசிரியர் விடையளித்தார். எளிதாகத் தோன்றும் இக்கடனைத் தீர்க்க மகேஸ்வரிக்கு வாழ்நாள் முழுவதும் தேவைப்பட்டது.

1931இல் முனைவர் பட்டம் பெற்ற அவர், ஆக்ராவிலும் பின்னர் டாக்காவிலும் பணியாற்றி, 1949இல் தில்லிப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையின் தலைமையை ஏற்றார். பூக்கும் தாவரங்களின் கருவியல் குறித்து அவர் எழுதி 1950இல் வெளிவந்த நூல், பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பாடநூலாயிற்று. புகழ் அங்கேயே நிலைத்துவிட்டது. அவர் விரும்பியிருந்தால் அதே வழியில் தொடர்ந்திருக்கலாம்.

ஆனால் அந்த வழியில் ஒரு குறை இருந்தது. கருவியலறிஞர் பூவின் பகுதிகளை வேதிக் கரைசலில் இட்டு உயிர்நீக்கி, மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி நுண்ணோக்கியில் காண்பார். ஒவ்வொரு சீவலும் ஒரு நொடியின் நிழற்படம் போன்றது. கரு எப்படி இருக்கிறது என்பதை அது காட்டும். ஏன் வளர்கிறது, எதனால் வளராமல் நின்றுவிடுகிறது என்பதைக் காட்டாது. இக்கேள்விகளுக்கு விடை காண உயிருள்ள பகுதியையே தனியே பிரித்து வளர்த்தாக வேண்டும். தாவர உயிரணுக்களைத் தனித்து வளர்க்க இயலும் என்னும் கருத்தை ஆசுத்திரிய அறிஞர் ஹாபர்லாண்ட் 1902லேயே முன்வைத்திருந்தார். அவருடைய சோதனைகளில் உயிரணுக்கள் பிழைத்திருந்தனவே தவிரப் பிரியவில்லை. பின்வந்தோர் சர்க்கரை, தாது உப்புகள், வைட்டமின்கள், வளர்ச்சி ஊக்கிகள் ஆகியவற்றைத் தக்க அளவில் கலந்து வளர்ப்பு ஊடகம் அமைக்கக் கற்றனர். நடுத்தர வயதைக் கடந்த நிலையில், தாம் தேர்ந்த கலையிலிருந்து இப்புதிய கலைக்குத் தம் துறையை மகேஸ்வரி திருப்பினார்.

பூவில் மகரந்தத்தூள் சூல்முடியில் விழுந்து முளைக்க வேண்டும். அதன் குழாய் சூல்தண்டினூடே இறங்கிச் சூலை அடைய வேண்டும். வேற்றினத் தூளாயின் சூல்முடியோ சூல்தண்டோ பெரும்பாலும் தடுத்துவிடும். வாயிற்காவலரைப் போன்ற இவ்விரண்டையும் தவிர்த்துவிட்டால் என்ன நிகழும்? தில்லி ஆய்வாளர்கள் முதலில் போரிக் அமிலம் சிறிதளவு கலந்த நீரில் மகரந்தத்தூளைக் கலந்து, ஊசியின் வழியே நேரே சூற்பைக்குள் செலுத்தினர். அபினிச் செடியில் இம்முறை வெற்றி பெற்றது. நம் தரிசு நிலங்களில் மஞ்சள் பூக்களுடன் நிற்கும் பிரம்மதண்டையும் அதன் உறவினமொன்றையும் இவ்வாறே கலப்புச் செய்தனர். அடுத்து காந்தா, ரங்கசாமி ஆகிய இருவருடன் சேர்ந்து மகேஸ்வரி சூற்பையையும் நீக்கிவிட முனைந்தார். கிருமி நீக்கப்பட்ட அபினிச் சூற்பையைத் திறந்து, சூல்களை அவை ஒட்டியிருந்த திசுவோடு எடுத்து ஊடகத்தில் வைத்து, அவற்றின்மீது மகரந்தத்தூளைத் தூவினர். தூள் முளைத்தது, சூல்கள் கருவுற்றன, முளைக்கும் திறனுள்ள விதைகள் குழாயினுள்ளேயே முற்றின. 1962இல் இம்முடிவு நேச்சர் இதழில் வெளியாயிற்று.

இதனால் மார்பின் ஆய்வுக்கூடத்தில் விளையத் தொடங்கிற்று என்று எண்ணுதல் தவறு. அம்மருந்துக்கு இன்றும் வயல்களே ஆதாரம். எனினும் துண்டு வேர், தண்டுநுனி, இலைத்துணுக்கு ஆகியவற்றிலிருந்து முழுச்செடியைப் பெறும் நுட்பம் மருந்துச் செடிகளுக்குப் பெருந்துணையானது. சர்ப்பகந்தா போன்றவற்றில் மருந்து வேரில் இருப்பதால், வேரைத் தோண்டும்போதே செடி அழிகிறது. காட்டைத் தொடாமல் நாற்றுகளைப் பெருக்க வேறு வழி தேவைப்பட்டது. திசு வளர்ப்பு அதனை அளித்தது.

வேதிப்பொருள், கண்ணாடிக்கலம் ஆகியவற்றோடு ஆய்வுக்கூடம் நிறைவடைவதில்லை. அதற்கு மனிதர் வேண்டும். மாணவர்களைப் பயிற்றுவிப்பதில் மகேஸ்வரி காட்டிய கண்டிப்பும் கனிவும் அத்துறையை வளர்த்தன. பல்கலைக்கழக மாணவரோடு அவர் நின்றுவிடவில்லை. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு மேல்நிலைப் பள்ளிகளுக்காக 1964இல் வெளியிட்ட முதல் உயிரியல் பாடநூல் அவர் தலைமையில் உருவானதே. உலகப் புகழ்பெற்ற ஆய்வாளர் பள்ளிப் பாடநூலுக்கு நேரம் ஒதுக்குவது அக்காலத்தில் அரிது.

அதே 1964இல் துறையின் ஆய்வாளர்களான சிப்ரா குகாவும் எசு. சி. மகேஸ்வரியும் ஊமத்தை இனமொன்றின் மகரந்தப்பைகளை ஊடகத்தில் வளர்த்தபோது, எதிர்பாராத வகையில் அவற்றிலிருந்து கருவை ஒத்த உருவங்கள் வெளிவந்தன. கட்டுரை இவ்விருவர் பெயரில் வெளிவந்தது. துறைத்தலைவரின் பெயர் அதில் இல்லை. டட்ஜனிடம் பெற்ற கடன் எவ்வாறு தீர்ந்துகொண்டிருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1965இல் இலண்டன் இராயல் கழகம் மகேஸ்வரியைத் தன் உறுப்பினராக்கிற்று. 1966 மே 18 அன்று தில்லியில் அவர் மறைந்தார். அவ்வாண்டின் பிற்பகுதியில் ஊமத்தை ஆய்வின் அடுத்த கட்டுரை வெளிவந்தது. அக்கருக்கள் மகரந்தத் துகள்களிலிருந்தே தோன்றின என்பதை, இயல்பான 24 குரோமோசோம்களுக்கு மாறாக 12 குரோமோசோம்களே கொண்ட ஒற்றைமடிய நாற்றுகளுடன் அது மெய்ப்பித்தது.