ஆழிக்குமரன் ஆனந்தன்: கடலில் 51 மணி நேரம்

ஈப்போவில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு நெடுந்தூர ஓட்டம் பயிற்றுவிப்பவன் நான். இங்கிலாந்தின் மோ ஃபாராவை என் மாணவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஆழிக்குமரன் ஆனந்தனை ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் ஓட்டக்காரர் அல்லர், நீச்சல்காரர். ஆனால் உடல் தாக்குப்பிடிப்பதைப் பற்றிப் பேச்செடுத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் அவர்தான்.

குமார் ஆனந்தன் 1943-இல் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் பிறந்தவர். கடலோடிகளின் ஊர் அது. அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938-இல் அமெரிக்கா வரை போய்ச் சேர்ந்தது. பக்கத்து ஊரான தொண்டைமானாற்றின் நவரத்தினசாமி 1954-இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தபோது ஆனந்தன் சிறுவர். படித்து வழக்கறிஞரானார். கடலை மட்டும் விடவில்லை.

1971-இல் இலங்கையிலிருந்து நீந்தித் தனுஷ்கோடியை அடைந்து, திரும்பவும் நீந்தியே இலங்கைக்கு வந்தார். மொத்தம் 51 மணி நேரம். இரண்டு பகலும் இரண்டு இரவும் தாண்டி இன்னும் மூன்று மணி நேரம்! போனதை விடத் திரும்பியதுதான் எனக்குப் பெரிதாகப்படுகிறது. கரையைத் தொட்ட பிறகு மீண்டும் தண்ணீரில் இறங்க மனம் வர வேண்டுமே.

பிறகு அவர் செய்த சாதனைகளில் சில வேடிக்கையாகத் தோன்றலாம். 1980-இல் கொழும்பில் ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றார். இதற்கெல்லாமா கின்னஸ் என்று சிரிப்பவர்கள் ஐந்து நிமிடம் நின்று பார்க்கட்டும். 1979 மே மாதம் கொழும்பு விகாரமாதேவி பூங்காவைச் சுற்றிச் சுற்றி 187 மணி 28 நிமிடம் சைக்கிள் ஓட்டினார். கடந்த தூரம் 1,487 மைல். ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு ஆறு முறை போய்த் திரும்புகிற தூரம் அது. கணக்குப் போட்டால் மணிக்கு 13 கிலோமீட்டர்கூட வராது. நம் பழைய தோட்டங்களில் பால்வாளியை மாட்டிக்கொண்டு சைக்கிளில் போனவர்களின் வேகம்தான். அந்த வேகத்தில் ஏறக்குறைய எட்டு நாள், சரியான தூக்கமில்லாமல் போனார் என்பதுதான் விஷயம். 1981-இல் சென்னை அண்ணா நீச்சல் குளத்தில் 80 மணி நேரம் நின்ற நிலையிலேயே மிதந்தார்.

அடுத்து அவர் குறிவைத்தது ஆங்கிலக் கால்வாய். குறுகிய இடத்தில் அதன் அகலம் சுமார் 33 கிலோமீட்டர். பாக்கு நீரிணையில் அவர் கடந்ததைப் போல ஒரு தூரம்தான். ஆனால் தண்ணீர் வேறு. பாக்கு நீரிணை நம் கடலைப் போல வெதுவெதுப்பானது. ஆங்கிலக் கால்வாயில் ஆகஸ்டு மாதத்திலும் 16 முதல் 18 டிகிரி செல்சியஸ்தான். உடலைச் சூடாக வைக்கும் ரப்பர் உடை அணிய விதி இடம் தருவதில்லை. துணைக்கு வரும் படகைக் கையால் பிடித்தாலே முயற்சி செல்லாது. குளிர் முதலில் விரல்களை மரக்க வைக்கும். பிறகு யோசிக்கும் திறனையே மந்தமாக்கும். நிறுத்தலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிய மூளைதான் அங்கே முதலில் தடுமாறும்.

1984 ஆகஸ்டு 6 அன்று அந்தக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்றபோது ஆனந்தன் உயிரிழந்தார். வயது 41.

போயிருக்கக் கூடாது என்று சொல்பவர்கள் உண்டு. பயிற்சியாளனாக எனக்கும் அந்த எண்ணம் வருவதுண்டு; வலிக்கிறது என்று ஒரு மாணவர் சொன்னால் நான் ஓட்டத்தை நிறுத்திவிடுகிறவன். ஆனால் 51 மணி நேரம் கடலில் இருந்துவிட்டு வந்த ஒருவரிடம் இது வேண்டாம் என்று யார் சொல்லியிருக்க முடியும்?

பத்து ஆண்டுகள் கழித்து, 1994-இல், தமிழகத்தின் குற்றாலீஸ்வரன் அதே கால்வாயை நீந்திக் கடந்தார். அப்போது அவருக்கு 12 வயது. வல்வெட்டித்துறையில் இன்று ஆழிக்குமரன் ஆனந்தன் பெயரில் ஒரு நீச்சல் தடாகம் இருக்கிறது.