பாடகர்களுக்காக வாதாடிய வெஸ்லி

ஆர்கன் குழாய் என்றால் நமக்கு ஒத்ததிர்வுக் கணக்குதான் நினைவுக்கு வரும். திறந்த குழாய், மூடிய குழாய் என்று எழுதி எழுதிச் சலித்தபோதுதான், இந்தக் குழாய்களை வைத்தே வாழ்ந்தவர் யாரேனும் உண்டா என்று நூலகத்தில் தேடினேன். கிடைத்தவர் சாமுவேல் செபாஸ்டியன் வெஸ்லி.

1810இல் லண்டனில் பிறந்தார். தாத்தா சார்லஸ் வெஸ்லி எழுதிய கிறிஸ்துமஸ் பாட்டு நம் ஊர்த் தேவாலயங்களிலும் தமிழில் ஒலிக்கிறது. தந்தையும் இசைஞரே. பாக் என்ற ஜெர்மானிய இசை மேதைமேல் கொண்ட பக்தியால் மகனுக்குச் செபாஸ்டியன் என்று பெயர் வைத்தார். பெற்றோர் முறைப்படி மணந்தவர்கள் அல்லர். அந்நாளில் அது சிறிய சுமையன்று.

இங்கிலாந்தின் பேராலயங்களில் அன்றாட வழிபாடே பாட்டாக நடப்பது பழைய மரபு. பாடகர் குழு இரு பிரிவாக எதிரெதிரே நிற்கும். அந்நாளில் உச்சக் குரலைச் சிறுவர்களும், மற்ற மூன்று குரல்களை ஆண்களும் பாடினார்கள். 1832இல், இருபத்திரண்டு வயதில், ஹெரிபோர்டு பேராலயத்தில் வெஸ்லி ஆர்கன் பொறுப்பேற்றார். 1834 ஈஸ்டர் அன்று அவருக்கு வாய்த்த குழுவைக் கேளுங்கள்: சிறுவர்கள், அவர்களோடு ஒரே ஒரு கீழ்க்குரல் ஆண்! அந்த ஒருவரும் டீன் வீட்டுப் பணியாளர் என்று சொல்வதுண்டு. (நமக்கு டீன் என்றால் மருத்துவக் கல்லூரித் தலைவர், அங்கே பேராலயக் குருமாரின் தலைவர்.) இருப்பவர்களை வைத்தே வெஸ்லி ஒரு பாட்டு அமைத்தார். அது இன்றும் பாடப்படுகிறது. மறு ஆண்டு அந்த டீனின் தங்கையையே மணந்துகொண்டார் என்பது தனிக்கதை.

பிறகு எக்ஸிட்டர். 1842இல் லீட்ஸ் நகரத் திருச்சபை. பேராலயம் அல்லாத அங்கேதான் நல்ல குழு அமைந்தது. 1849இல் வின்செஸ்டர், மகன்களின் படிப்பை எண்ணி. படிப்புக்காக ஊர் மாறும் குடும்பங்களை நாமும் அறிவோம் அல்லவா?

அதே 1849இல் பேராலய இசையின் சீர்கேட்டைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அவர் கணக்கு எளியது. தனித்துப் பாட மூன்று குரலுக்கு மூவர். சேர்ந்து பாட மேலும் மூவர். ஆகப் பக்கத்துக்கு ஆறு பேர், இரு பக்கமும் பன்னிரண்டு. இது மிகக் குறைந்த அளவு. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலே கணக்கு உடைந்துவிடும். பல இடங்களில் அந்தப் பன்னிரண்டும் இல்லை. கூலி போதாமல் பாடகர்கள் வேறு தொழில் பார்த்தே பிழைத்தார்கள். கல்லுக்கும் கோபுரத்துக்கும் செலவிட்டவர்கள் தொண்டைக்குச் செலவிடத் தயங்கினார்கள் என்பேன்.

நூலால் உடனே ஒன்றும் மாறவில்லை. அவரும் எளிதில் பழகும் மனிதரல்லர். மேலிடத்தோடு ஓயாத சண்டை, ஓய்ந்தால் தூண்டிலோடு ஆற்றங்கரை. 1865இல் குளோஸ்டர் பேராலயத்துக்குச் சென்றார். 1873இல் அரசு அவருக்குச் சர் பட்டம் அல்லது ஆண்டுக்கு 100 பவுன் உதவித்தொகை என்று இரண்டில் ஒன்றைக் கேட்கச் சொன்னது. பணத்தையே கேட்டார். எனக்கு அது பிடித்திருக்கிறது. பாடகனின் வயிற்றுக்காக வாதாடியவர் பட்டத்தை வாங்கி என்ன செய்ய?

1876 ஏப்ரல் 19இல் குளோஸ்டரில் மறைந்தார். எக்ஸிட்டரில், குழந்தையாகவே இறந்துபோன தம் மகளின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.