மணலில் கோடு கிழித்தார். மலை ஏறும் வண்டி பிறந்தது!

"லேண்ட் ரோவர்" தந்த மாரிஸ் வில்க்ஸ் வரலாறு

மோட்டார் வண்டி வாங்கும்போது புதிதாய் மின்னும். பத்துப் பதினைந்து ஆண்டு போனால் பழசாகிவிடும். பிறகு காயலான் கடைக்குப் போய்விடும். பெரும்பாலான வண்டிகளின் கதை இதுதான்.

ஆனால் ஒரு வண்டிக்கு மட்டும் இந்த விதி பொருந்தவில்லை. எழுபது ஆண்டுகளுக்கு முன் செய்த அந்த வண்டியை இன்றும் தேடிப் பிடிக்கிறார்கள். வீட்டுக் கொட்டகையில் வைத்துப் பிரிக்கிறார்கள். துருவைச் சுரண்டி, பழுது நீக்கி, மறுபடியும் ஓட்டுகிறார்கள். அப்படிச் செய்பவர்களில் பலர் மெக்கானிக்குகள் அல்ல, சாதாரண மனிதர்கள்.

அந்த வண்டிதான் லேண்ட் ரோவர். அதைப் படைத்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த மாரிஸ் வில்க்ஸ்.

அண்ணனும் தம்பியும்

மாரிஸ் வில்க்ஸ் 1904ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிறந்தார். இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய ஹேலிங் தீவு அவருடைய பிறந்த ஊர். படிப்பு முடிந்ததும் மோட்டார் தொழிலில் இறங்கினார். அமெரிக்காவுக்குச் சென்று, ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தார். பிறகு தாய்நாடு திரும்பினார்.

அவருடைய அண்ணன் ஸ்பென்சர் வில்க்ஸ். நிர்வாகத்தில் கெட்டிக்காரர். ஸ்பென்சர் 1929ஆம் ஆண்டு ரோவர் மோட்டார் கம்பெனியில் சேர்ந்தார். மறு ஆண்டே தம்பியும் அங்கே தலைமை என்ஜினீயராகச் சேர்ந்தார்.

அப்போது ரோவர் கம்பெனியின் நிலைமை மோசமாக இருந்தது. கடன் கழுத்தை நெரித்தது. சகோதரர்கள் இருவரும் அதைத் தூக்கி நிறுத்தினார்கள். எண்ணிக்கையைக் குறைத்தாலும் தரம் குறையக்கூடாது என்பது அவர்கள் கொள்கை. அண்ணன் கணக்கைப் பார்த்தார். தம்பி வண்டியைப் பார்த்தார். சில ஆண்டுகளில் ரோவர் காருக்கு நல்ல பெயர் வந்தது.

போர் வந்தது

1939இல் இரண்டாம் உலகப்போர் மூண்டது. கார் செய்வது நின்றது. கம்பெனி போர் வேலையில் இறங்கியது. மறு ஆண்டு நவம்பரில் கவென்ட்ரி நகரின் மீது ஜெர்மன் விமானங்கள் குண்டு மழை பொழிந்தன. அங்கிருந்த ரோவர் தொழிற்சாலையும் நாசமாயிற்று.

1945இல் போர் முடிந்தது. கம்பெனி சோலிஹல் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. போருக்காகக் கட்டப்பட்ட பெரிய தொழிற்சாலை அங்கே இருந்தது. கட்டடம் இருந்தது. ஆட்கள் இருந்தார்கள். ஆனால் இரும்பு இல்லை!

இங்கிலாந்தில் அப்போது உருக்குக்குக் கட்டுப்பாடு இருந்தது. வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யும் கம்பெனிகளுக்கே அரசாங்கம் தாராளமாக உருக்குக் கொடுத்தது. ரோவர் கார்களோ பெரும்பாலும் உள்நாட்டிலேயே விற்பனையானவை. உருக்கு இல்லாவிட்டால் கார் இல்லை. கார் இல்லாவிட்டால் தொழிலாளர்களுக்கு வேலை இல்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பு ஊசலாடியது.

பண்ணையில் ஒரு ஜீப்

வேல்ஸ் நாட்டின் ஓரத்தில் ஆங்கிள்சி என்று ஒரு தீவு. அங்கே மாரிசுக்கு ஒரு பண்ணை இருந்தது. பண்ணை வேலைக்கு அவர் ஒரு பழைய ஜீப் வாங்கினார். அது அமெரிக்க ராணுவத்தின் வில்லிஸ் ஜீப்.

போர்க்காலத்தில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் செய்யப்பட்டன. சாதாரணக் காரில் என்ஜினின் விசை இரண்டு சக்கரங்களுக்கே போகும். அவை சேற்றில் சிக்கிச் சுழன்றால் வண்டி நின்றுவிடும். ஜீப்பில் நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும். பின் சக்கரம் வழுக்கினால் முன் சக்கரம் இழுக்கும். முன் சக்கரம் வழுக்கினால் பின் சக்கரம் தள்ளும். சேறு, மணல், மேடு எதுவும் அதற்குத் தடையில்லை.

மாரிசின் ஜீப்பும் பண்ணையில் மாடாய் உழைத்தது. ஆனால் அது அடிபட்டு வந்த வண்டி. தேய்ந்துகொண்டே போயிற்று. உதிரிப் பாகங்கள் கிடைப்பதும் கஷ்டம். இந்த ஜீப் உழைத்து ஓய்ந்த பிறகு என்ன செய்யப்போகிறாய் என்று அண்ணன் கேட்டாராம். இன்னொரு பழைய ஜீப்தான் வாங்க வேண்டும், வேறு வண்டி எதுவும் இல்லையே என்றாராம் தம்பி.

அந்தப் பதிலிலேயே வழி இருந்தது. வேறு வண்டி இல்லையென்றால் நாமே செய்தால் என்ன? உலகம் முழுவதும் விவசாயிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இப்படி ஒரு வண்டி வேண்டும். ஏற்றுமதி நடந்தால் உருக்குக் கிடைக்கும். தொழிற்சாலையும் பிழைக்கும்.

1947ஆம் ஆண்டு ஆங்கிள்சியின் ரெட் வார்ஃப் பே கடற்கரையில் மாரிஸ் மணலில் கோடு கிழித்து, வண்டியின் உருவத்தை அண்ணனுக்குக் காட்டினார் என்பது அந்தக் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அலை வந்து கோட்டை அழித்திருக்கும். ஆனால் எண்ணம் அழியவில்லை.

இல்லாமையே வழி காட்டியது

மாரிசும் அவருடைய என்ஜினீயர்களும் வேகமாக வேலை செய்தார்கள். முதல் சோதனை வண்டியை ஜீப்பின் அடிச்சட்டத்தின் மேலேயே கட்டினார்கள். டிராக்டரைப் போல ஸ்டியரிங்கை நடுவில் வைத்தார்கள். இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கும் வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கும் ஒரே வண்டி போதும் என்பது கணக்கு. அது வசதிப்படவில்லை. உடனே கைவிட்டார்கள்.

உருக்குத் தகடு கிடைக்காததால் வண்டியின் உடம்பை அலுமினியத்தில் செய்தார்கள். தகட்டை அழுத்தி வளைக்கும் பெரிய அச்சுகளுக்குப் பணம் இல்லை. எனவே தகடுகளைத் தட்டையாகவே வெட்டி, எளிதாக மடக்கிப் பொருத்தினார்கள். அடிச்சட்டத்தையும் உருக்குப் பட்டைகளை வெல்டிங் வைத்துப் பெட்டிபோலக் கட்டினார்கள். என்ஜினை ரோவர் காரிலிருந்தே எடுத்தார்கள். பச்சை வர்ணம்கூட ராணுவத்தில் மிஞ்சியதுதான்!

அழகு பார்க்கவில்லை. ஆனால் இந்தச் சிக்கனமே வண்டிக்கு நீண்ட ஆயுளைக் கொடுத்தது. ஒரு தகடு நசுங்கினால் போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு வேறு தகடு போடலாம். எந்த ஊர்ப் பட்டறையிலும் பழுது பார்க்கலாம். ஓட்டுபவரே ஸ்பானர் எடுத்து வேலை செய்யலாம்.

1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் தேதி, ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் லேண்ட் ரோவர் முதன்முதலாக வைக்கப்பட்டது. விலை இங்கிலாந்து நாணயத்தில் 450 பவுன். கதவும் கூரையும் வேண்டுமானால் தனி விலை!

கம்பெனி சில காலம் தாக்குப்பிடிப்பதற்காகச் செய்த வண்டி அது. ஆனால் உலகமே அதை விரும்பி வாங்கியது. சில ஆண்டுகளிலேயே கார்களைவிட லேண்ட் ரோவர்தான் அதிகமாக விற்றது. விவசாயிகள் வாங்கினார்கள். ராணுவம் வாங்கியது. 1954இல் சர்ச்சிலின் 80ஆவது பிறந்த நாளுக்கு ஒரு லேண்ட் ரோவர் பரிசாகப் போயிற்று. தொழிற்சாலையில் வேலை பெருகியது. குடும்பங்கள் பிழைத்தன.

மறைவு

மாரிஸ் அதோடு ஓயவில்லை. ஜெட் விமானத்தில் உள்ளதைப் போன்ற டர்பைன் என்ஜினைக் காரில் பொருத்த முயன்றார். 1950இல் ரோவர் கம்பெனி அத்தகைய கார் ஒன்றை ஓட்டிக் காட்டியது. அது இப்போது லண்டன் அறிவியல் காட்சிசாலையில் இருக்கிறது.

1962இல் மாரிஸ் ரோவர் கம்பெனியின் தலைவரானார். அந்தப் பதவியில் அவர் நீண்ட நாள் இருக்கவில்லை. 1963ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் தேதி, அதே ஆங்கிள்சித் தீவில் காலமானார். அப்போது அவருக்கு வயது 59. அவர் பாடுபட்டு உருவாக்கிய ரோவர் 2000 கார் அடுத்த மாதம்தான் வெளிவந்தது. அதைக் காண அவர் இல்லை.

கொட்டகையில் மறுபிறவி

படைத்தவர் போனார். வண்டி போகவில்லை. அதன் வழிவந்த வண்டிகள் 2016ஆம் ஆண்டு ஜனவரி வரை சோலிஹல்லில் செய்யப்பட்டன. மொத்தம் 20 லட்சத்துக்கும் மேல்!

பழைய லேண்ட் ரோவரைப் புதுப்பிப்பவர்கள் முதலில் பார்ப்பது அடிச்சட்டத்தைத்தான். அலுமினிய உடம்பு துருப்பிடிக்காது. ஆனால் பெட்டிபோன்ற அடிச்சட்டத்துக்குள் சேறும் தண்ணீரும் தங்கும். உள்ளிருந்தே துரு தின்னும். வெளியே வர்ணம் பளபளக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. சுத்தியலால் தட்டினால் சத்தமே காட்டிக் கொடுத்துவிடும்.

அடுத்தது, என்ஜினுக்கும் ஓட்டுபவருக்கும் நடுவிலுள்ள இரும்புத் தடுப்பு. கால் வைக்கும் இடத்தில் அது ஓட்டையாகிவிடும். இரும்பும் அலுமினியமும் சேரும் இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியமும் வெள்ளைப் பொடியாக உதிரும். இவற்றை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்கிறார்கள். அடிச்சட்டம் மிகவும் கெட்டிருந்தால், துத்தநாகம் பூசிய புதிய சட்டம் வாங்கிப் போடுகிறார்கள்.

சிலர் அதோடு நிற்பதில்லை. பிரேக்கை மேம்படுத்துகிறார்கள். குலுக்கல் குறைய வேறு வகைப் பட்டை ஸ்பிரிங் போடுகிறார்கள். பழைய பெட்ரோல் என்ஜினை எடுத்துவிட்டு டீசல் என்ஜின் வைக்கிறார்கள். இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. வேகத்தைக் கூட்டினால், பிரேக்கையும் அதற்குத் தக்கபடி கூட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் ஆபத்து. விவரம் தெரிந்தவர்கள், கழற்றிய பழைய பாகத்தைத் தூக்கி எறிவதும் இல்லை. என்றாவது ஒருநாள் வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அது உதவும்.

ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் நின்ற வண்டிகளில் ஒன்று பிற்காலத்தில் காணாமல் போயிற்று. 20 ஆண்டுகள் அது வேல்ஸ் நாட்டு வயலில் கிடந்தது. புதுப்பிக்க ஒருவர் வாங்கினார். வேலை முடியவில்லை. கடைசியில் சோலிஹல்லுக்குச் சில மைல் தொலைவிலேயே, ஒரு வீட்டுத் தோட்டத்தில் அது கண்டுபிடிக்கப்பட்டது. அதைப் புதுப்பிக்கும் வேலை தொடங்குவதாக 2018இல் கம்பெனி அறிவித்தது.

இன்னொரு வண்டியின் கதை இன்னும் வியப்பு. 1955இல் ஆறு இங்கிலாந்து மாணவர்கள் இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து புறப்பட்டார்கள். இந்தியா, பர்மா வழியாக, 1956இல் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார்கள். அந்த வண்டிகளில் ஒன்று பிற்காலத்தில் அட்லாண்டிக் கடல் நடுவே, செயின்ட் ஹெலினா தீவில் துருப்பிடித்துக் கிடந்தது. அதை 2017இல் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து புதுப்பித்தார்கள். 2019இல் அதே வண்டி சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு ஓடி வந்தது!

நம் நாட்டிலும் இதற்குச் சாட்சி உண்டு. டார்ஜிலிங் பக்கத்தில் மானேபஞ்சாங் என்ற மலையூர். அங்கிருந்து சந்தக்பு சிகரத்துக்குப் போகும் பாதை கரடுமுரடான கற்பாதையாக இருந்தது. அந்தப் பாதையில் 1950களில் செய்த லேண்ட் ரோவர்கள் பல தலைமுறைகளாக ஓடி வந்தன. உள்ளூர்க்காரர்களே அவற்றைப் பழுது பார்த்து, தேவைப்பட்ட இடத்தில் வேறு என்ஜின் பொருத்தி, உயிரோடு வைத்திருந்தார்கள்.

மாரிஸ் வில்க்ஸ் விலை உயர்ந்த கார்களையும் செய்தார். ஜெட் காரையும் செய்தார். ஆனால் உலகம் அவரை நினைப்பது ஒரு எளிய பண்ணை வண்டிக்காகத்தான். பழுதாகாத பொருள் உலகில் இல்லை. பழுதானால், உடையவனே சரிசெய்யும்படி அமைந்த பொருள் நீண்ட நாள் வாழும்.