கூந்தற் சுருளைக் காப்பியமாக்கிய கவிஞர் அலெக்சாண்டர் போப்

ஆங்கில அங்கதக் கவிதையின் உச்சியில் வைத்துப் போற்றப்படுபவர் அலெக்சாண்டர் போப். 1688ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் இலண்டனில், லினன் துணி வணிகர் ஒருவரின் மகனாகத் தோன்றினார். குடும்பம் கத்தோலிக்க சமயத்தைச் சார்ந்தது. அவ்வாண்டின் இறுதியில் கத்தோலிக்க மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் நாட்டை விட்டு வெளியேறினார். அச்சமயத்தார்மீது சட்டத்தின் பிடி மேலும் இறுகியது. பல்கலைக்கழகக் கல்வி அவர்களுக்கு இல்லை, அரசுப் பதவி இல்லை, நிலவரியோ இருமடங்கு. தலைநகருக்குப் பத்து மைல் எல்லைக்குள் குடியிருக்கவும் தடை இருந்தது. எனவே 1700ஆம் ஆண்டளவில் போப்பின் குடும்பம் வின்சர் வனப்பகுதியைச் சார்ந்த பின்பீல்டு என்னும் சிற்றூரில் குடியேறியது.

ஏறத்தாழப் பன்னிரண்டாம் வயதில் முதுகெலும்பைப் பற்றிய காசநோய் அவர் உடலைக் கூன வைத்தது. வளர்ந்த பின்பும் அவர் உயரம் நாலரை அடி அளவே. தலைவலியும் மூச்சுத் திணறலும் வாழ்நாள் முழுதும் உடன் வந்தன. கல்லூரி வாயில் மிதியாத அவ்விளைஞர் இலத்தீனும் கிரேக்கமும் பெரிதும் தாமே முயன்று கற்றார். 1709இல் முல்லைநிலப் பாடல்களும், 1711இல் திறனாய்வைப் பற்றிய செய்யுட் கட்டுரையும் வெளிவந்தன. இருபத்து மூன்று வயதிலேயே இலண்டன் இலக்கிய உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

ஒரு சுருளால் எழுந்த பகை

அக்காலத்தில்தான் சிறு நிகழ்ச்சி ஒன்று நடந்தது. பீட்டர் என்னும் இளம்பிரபு, அராபெல்லா பெர்மர் என்ற அழகியின் கூந்தற் சுருள் ஒன்றை அவர் இசைவின்றிக் கத்தரித்துக்கொண்டார். இருவரும் கத்தோலிக்கக் குடியினர். விளையாட்டு வினையாகி, இரு குடும்பங்களும் மனம் முறிந்தன. பெரும்பாலும் தமக்குள்ளேயே மணவினை கொண்டு வாழ்ந்த ஒரு சிறுபான்மைச் சமூகத்தில் இத்தகைய பிளவு சிறிய செய்தியன்று. இருசாரார்க்கும் நண்பரான ஜான் காரில், இதனை நகைச்சுவையாகப் பாடிப் பகை தீர்க்குமாறு போப்பை வேண்டினார். 'தி ரேப் ஆஃப் தி லாக்' என்னும் எள்ளற் காப்பியம் இவ்வாறு பிறந்தது. பெயரில் உள்ள முதற்சொல் இங்குக் கவர்ந்து செல்லுதலைக் குறிக்கும். ஹெலனைக் கவர்ந்த பாரிசின் கதையை அது குறும்பாக நினைவூட்டுகிறது.

முதல் வடிவம் 1712இல் இரண்டு சருக்கங்களாக வந்தது. 1714இல் வான்தேவதைகளும் நிலப்பூதங்களும் சேர்ந்து ஐந்து சருக்கங்களாக விரிந்தது. 1717இல் கிளாரிசா என்னும் பெண்ணின் அறிவுரை இடம்பெற்றதோடு நூல் நிறைவு பெற்றது. இறுதி வடிவம் 794 அடிகள் கொண்டது.

அளவுகோலும் அளக்கப்படுவதும்

வீரகாப்பியத்தின் உறுப்புகள் யாவும் இதில் உள்ளன; பொருள்தான் சுருங்கியுள்ளது. வீரன் கவசம் பூணும் இடத்தில் நாயகி பெலிண்டா ஒப்பனை மேசைமுன் அமர்கிறாள். போர்க்களம் ஓம்பர் என்னும் சீட்டாட்டப் பலகை. கப்பற்பயணம் தேம்சு ஆற்றில் ஓர் உல்லாசப் படகுச் செலவு. படைக்கலன்கள் கத்தரிக்கோலும் மூக்குப்பொடியும் கொண்டை ஊசியும். கத்தரிக்கோலின் இடையில் சிக்கி இருதுண்டான வான்தேவதை, காற்றுடம்பு ஆதலால் மறுகணமே ஒன்றுகூடி விடுகிறது.

இதனைக் காப்பியத்தைப் பழிக்கும் நூல் என்று கொள்வது பொருந்தாது. ஹோமரின் இலியத்தை 1715 முதல் 1720 வரை ஆறு தொகுதிகளாக ஆங்கிலத்தில் பெயர்த்தவர் போப். அவருக்குக் காப்பியம் அளவுகோல். அளக்கப்பட்டது மேட்டுக்குடி வாழ்வு. ஒப்பனை மேசையில் முகப்பூச்சுப் பொடிக்கும் காதற் கடிதங்களுக்கும் நடுவே விவிலியமும் கிடக்கிறது. மானம் கெடுவதும் புத்தாடை கறைபடுவதும் அங்கு ஒரே நிறையாகின்றன. நீதிபதிகள் பசியால் விரைந்து தீர்ப்பில் கையொப்பம் இடுகின்றனர். நடுவர்கள் உணவுக்குச் செல்லும் பொருட்டு ஏழைகள் தூக்கில் தொங்குகின்றனர். சிரித்துக்கொண்டே படிப்பவர் இவ்விடத்தில் திடுக்கிட்டு நிற்பர்.

ஆயினும் கவிஞர் அவ்வுலகை வெறுத்தவர் அல்லர். ஆற்றில் படரும் ஒளியும், காப்பி மணமும், தேவதைகளின் நிறம்மாறும் சிறகுகளும் பற்றோடு தீட்டப்பட்டுள்ளன. பீங்கான் போல உடையும் அழகு என்பதாலேயே அதன்மேல் அவருக்கு இரக்கம் உண்டாகிறது.

சிரிப்பின் உள்ளே

நூல் அச்சேறி ஊர்ப்பேச்சான பின் அராபெல்லா மனம் நொந்தார். 1714ஆம் பதிப்பை அவருக்கே உரிமையாக்கிப் போப் முன்னுரைக் கடிதம் எழுதினார். சுருளைக் கவர்ந்த பீட்டர் பிரபுவோ 1712இல் வேறொரு பெண்ணை மணந்து, 1713இல் தம் 23ஆம் வயதில் பெரியம்மை நோயால் இறந்துபோனார். ஐந்து சருக்கக் காப்பியம் வெளிவந்தபோது அதன் எதிர்த்தலைவர் உயிரோடு இல்லை.

1717இல் சேர்ந்த கிளாரிசாவின் உரையை இப்பின்னணியில் வைத்துப் படித்தல் வேண்டும். இலியத்தில் சார்ப்பிடன் என்னும் வீரன், சாவு உறுதி ஆதலால் புகழோடு போரிடுவோம் என்று தோழனை அழைக்கிறான். கிளாரிசா அதே வாதத்தை மாற்றி அமைக்கிறாள்: அழகு அழியும், ஆடலும் அணியும் பெரியம்மையைத் தடுக்கமாட்டா, ஆகவே இனிய மனப்பான்மையே நிலைக்கும் செல்வம். அவ்வுரையை அவையில் எவரும் பாராட்டவில்லை. கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தவளும் அதே கிளாரிசாதான் என்பது போப்பின் நுட்பமான எள்ளல். நல்லறிவு கூறுவோரும் குற்றத்திற்குப் புறம்பானவர் அல்லர். அழகையும் நலத்தையும் இயற்கை மறுத்த ஒருவர் எழுதிய இவ்வரிகளில், பிறர் அழகின்மேல் பொறாமை சிறிதும் இல்லை.

இலியத் மொழிபெயர்ப்பு ஏறத்தாழ 5,000 பவுன் ஈட்டித் தந்தது. புரவலரை அண்டாமல் எழுத்தால் வாழ முடிந்த போப், 1719 முதல் டிவிக்கன்கம் என்னும் ஆற்றங்கரை ஊரில் தோட்டமும் குகையும் அமைத்து வாழ்ந்தார். 1728இல் வந்த 'டன்சியாடு' என்னும் மற்றோர் எள்ளற் காப்பியம் இலக்கியப் பகைவர்களைச் சாடியது. அதில் தண்டிக்கும் சீற்றம் மிகுதி. பகை தீர்க்கும் நகை குறைவு. 1744ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் போப் காலமானார். அவ்வூர்த் தேவாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

காப்பிய முடிவில் கூந்தற் சுருள் விண்ணேறி மீனாகிறது. பிற்காலத்தார் அக்கற்பனையை வேறு வகையில் மெய்ப்பித்தனர். யுரேனசு கோளின் துணைக்கோள்களுள் ஒன்றுக்கு இந்நூலின் நிலப்பூதமான அம்ப்ரியலின் பெயரும், 1986இல் கண்டறியப்பட்ட மற்றொன்றுக்குப் பெலிண்டாவின் பெயரும் வழங்குகின்றன. இரு குடும்பங்களின் சினத்தைத் தணிக்க எழுந்த சிரிப்பு, அக்குடும்பங்கள் மறைந்த பின்னும் வானில் நிற்கிறது.