செண்பகத்தோப்பு பளியர் பற்றிப் படிக்கணுமா? இந்த வெள்ளைக்காரரைத் தாண்டித்தான் போகணும்!

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலை அடிவாரத்தில் இருக்கிறது செண்பகத்தோப்பு. காட்டழகர் கோயிலுக்குப் போறவங்க, சாம்பல் நிற அணிலைப் பார்க்கப் போறவங்க, மீன்வெட்டிப் பாறை அருவியில் ஒரு குளியல் போடலாம்னு கிளம்புறவங்க எல்லோருக்கும் தெரிந்த இடம். ஆனால், அங்கே குடியிருக்கும் பளியர்களைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். தேன் எடுப்பாங்க, கிழங்கு தோண்டுவாங்க... அதோடு பேச்சு நின்றுவிடும்.

சரி, நூலகத்துக்குப் போய்ப் படிப்போம் என்று ஒருவர் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரே அந்தக் குடியிருப்பிலிருந்து கல்லூரிக்குப் போகும் ஒரு பளியர் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். எந்த நூலகர் எந்த வழியைக் காட்டினாலும், அந்த வழி சுற்றிச் சுற்றி ஓர் இடத்தில் வந்து முட்டும். ஏழு தடித்த தொகுதிகள். எழுதியவர் எட்கர் தர்ஸ்டன்.

சாதியைப் பற்றியோ பழங்குடிகளைப் பற்றியோ தமிழில் ஆய்வு செய்த யாரும் இந்தப் பெயரைத் தொடாமல் போயிருக்க மாட்டார்கள். ஆனால், அந்த மனிதர் யார், எப்படி அந்தத் தகவல்களைச் சேர்த்தார் என்பதைத் தெரிந்துகொண்டு புத்தகத்தைத் திறப்பவர்கள் குறைவு.

1855-ல் லண்டனை ஒட்டிய கியூ பகுதியில் பிறந்தவர் தர்ஸ்டன். ஈட்டன் பள்ளியில் படித்தார். பிறகு லண்டன் கிங்ஸ் கல்லூரியில் மருத்துவம். 1877-ல் டாக்டர் ஆகிவிட்டார். கெண்ட் பகுதி மனநல விடுதி ஒன்றில் சில காலம் வேலை, கிங்ஸ் கல்லூரி அருங்காட்சியகத்தில் சில காலம் வேலை. 1885-ல், முப்பது வயதில், சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராகக் கப்பலேறி வந்து சேர்ந்தார். எழும்பூரில் இன்றைக்கும் நாம் மியூசியம் என்று சொல்கிற அதே இடம்தான். இருபது ஆண்டுகளுக்கு மேல் அதுவே அவருடைய உலகமாக இருந்தது.

வந்த புதிதில் அவருக்கு மனிதர்கள் மீது ஆர்வம் இருந்ததாகத் தெரியவில்லை. பழைய நாணயங்களைப் பார்த்தார். மன்னார் வளைகுடாவுக்குப் போய் முத்துக்குளிப்பையும் சங்குக்குளிப்பையும் கடல் உயிர்களையும் பற்றி எழுதினார். மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு பாடம் எடுத்தார். எதைப் பார்த்தாலும் எண்ணி, அளந்து, பெயர் ஒட்டி அடுக்கிவைக்கும் கை அது. பத்து வருஷம் போல சிப்பியையும் காசையும் அடுக்கிய அதே கை, 1890-களின் நடுவில் மனிதர்கள் பக்கம் திரும்பியது. நீலகிரித் தோடர், கோத்தர் பற்றிய அவருடைய ஆய்வு 1896-ல் வெளியானது.

அதே 1896, டிசம்பர் 5-ல்தான் அருங்காட்சியக வளாகத்தில் கன்னிமாரா பொது நூலகம் திறக்கப்பட்டது. (கன்னிமார் தெய்வத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க, அடிக்கல் நாட்டிய ஆளுநர் கன்னிமாரா பிரபுவின் பெயர்.) பழங்குடிகளைப் பற்றி இன்றைக்கு நாம் தேடிப்போகும் பெரிய நூலகமும், அவர்களைப் பற்றிய பெரிய புத்தகமும் ஒரே வளாகத்தில், ஒரே காலத்தில் வளர்ந்தவை!

தர்ஸ்டன் வேலை செய்த விதம் இப்போது படிக்கும்போது கொஞ்சம் சங்கடமாகவே இருக்கும். தலையின் நீள அகலம், மூக்கின் நீள அகலம், உயரம், கைப்பிடியின் பலம் என்று எல்லாவற்றையும் கருவி வைத்து அளப்பார். தோலின் நிறத்தை ஒப்பிடவும் ஒரு கருவி. மூக்கின் அளவை வைத்தே சாதிகளுக்குப் படிவரிசை போடலாம் என்று ஹெர்பர்ட் ரிஸ்லி போன்ற அதிகாரிகள் நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கையை அறிவியல் பிற்பாடு தூக்கிப் போட்டுவிட்டது. மெட்ராஸ் போலீஸாருக்கும் தர்ஸ்டன் உடலளவு எடுக்கக் கற்றுக்கொடுத்தார், குற்றவாளிகளை அடையாளம் காண்பதற்காக. மலைக்காட்டு மனிதரையும் லாக்கப்பில் இருந்தவரையும் ஒரே மாதிரி கருவிதான் தொட்டது.

அளக்கப்பட்டவர்கள் என்ன நினைத்தார்கள்? இதை தர்ஸ்டனே தன் நூலின் முன்னுரையில் வேடிக்கைபோலச் சொல்லியிருக்கிறார். வயநாட்டுப் பணியப் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடிவிட்டார்கள். நம்மில் நல்லா இருக்கிறவங்களைப் பிடித்து, பாடம் செய்து மியூசியத்தில் வைத்துவிடுவார் என்று பயம். நீலகிரியில் ஓர் இருளர், ஏதோ பழைய சின்னக் குற்றத்துக்காகத் தேடப்பட்டவர், உயரம் அளக்கும் கம்பத்தைத் தூக்குமரம் என்று நினைத்து நிற்க மறுத்துவிட்டார். சேர்வராயன் மலை மலையாளிகளோ, இந்த ஆள் நம் நிலத்தைச் சர்க்கார் கணக்கில் எழுதிவிட்டு நம்மை அந்தமானுக்கு அனுப்பப்போகிறார் என்றே முடிவுகட்டிவிட்டார்கள்.

தர்ஸ்டனுக்கு இதெல்லாம் சிரிப்பு. எனக்கு என்னவோ, அந்த முன்னுரையில் மக்கள் குரல் உண்மையாகக் கேட்கிற இடமே இதுதான் என்று படுகிறது. சர்க்கார் ஆள் கருவியோடும் நோட்டோடும் மலையேறி வந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று அவர்கள் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்கள். நிலத்தைப் பற்றிய அந்தக் கணக்கைத் தப்பு என்று யார் சொல்ல முடியும்?

1901-ல் நாடு முழுக்க இனவரைவியல் கணக்கெடுப்புத் தொடங்கியபோது, சென்னை மாகாணப் பொறுப்பு தர்ஸ்டனிடம் வந்தது. அவரோடு கே. ரங்காச்சாரி. அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த தாவரவியலாளர். பின்னாளில் கோவை வேளாண் கல்லூரியில் பாடம் நடத்தி, தென்னிந்தியப் புல் வகைகளைப் பற்றிப் புத்தகம் போட்டவர். ஏழு தொகுதிகளில் உள்ள புகைப்படங்களில் பெரும்பகுதி இவர் எடுத்தவை. ஆனால், அட்டையில் தர்ஸ்டன் எழுதியவர், ரங்காச்சாரி உதவியவர். இன்றைக்கும் பலர் இரண்டாவது பெயரைச் சொல்வதே இல்லை. 1906-ல் முன்னோட்டம்போல ஒரு தனி நூல் வந்தது. 1909-ல் அரசு அச்சகத்திலிருந்து ஏழு தொகுதிகளும் வந்தன. அகர வரிசையில் 300-க்கும் மேற்பட்ட சாதிகள், குடிகள்.

இனி பளியருக்கு வருவோம். ஐந்தாம் தொகுதியை எடுக்க வேண்டும்.

அங்கே காத்திருப்பது தர்ஸ்டன் நேரில் கண்டது மட்டும் இல்லை. இவ்வளவு குடிகளையும் ஒரே மனிதர் பார்த்து முடிக்க முடியாது, இல்லையா? பாதிரியார்கள், அதிகாரிகள் அனுப்பிய குறிப்புகளைப் பல இடங்களில் அப்படியே சேர்த்துவிட்டார். பளியர் பகுதியில் மதுரை மிஷனைச் சேர்ந்த ட்ரேசி பாதிரியாரின் குறிப்பு ஒன்று இருக்கிறது. பெரியாறு மலை அடிவாரத்தில் நாற்பது பேர் கொண்ட ஒரு குடியிருப்பைப் பார்த்துவிட்டு அவர் எழுதியது. வாழ்க்கையில் தான் கண்ட மனிதர்களிலேயே கடைத்தரமானவர்கள் என்கிற ரீதியில் தொடங்குகிறார். பக்கத்திலேயே ஓடை ஓடியும் அழுக்காக இருக்கிறார்களாம். நல்ல மண் சுற்றிக் கிடந்தும் பயிர் வைக்காமல் கொட்டையும் கிழங்கும் பிசினும் தின்று வாழ்கிறார்களாம். ஏழு மைலுக்கு அப்பால் சமவெளிப் பக்கம் போனவர்கள் ரெண்டே ரெண்டு பேர்தானாம்.

செண்பகத்தோப்புப் பிள்ளை நூலக மேசையில் உட்கார்ந்து தன் முன்னோரைப் பற்றி முதன்முதலாகப் படிக்கும் வரிகள் இவையாக இருந்தால்? புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து போய்விடத்தான் தோன்றும்.

மூட வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் விதிகளைப் பாருங்கள். காட்டில் தங்களுக்குள்ள உரிமையை நிரூபிக்க மக்கள் காட்டக்கூடிய ஆதாரங்களில் அரசு ஆவணங்கள், கெசட்டியர்கள், மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள், ஆய்வு நூல்கள் எல்லாம் உண்டு. பாதிரியார் இகழ்ந்து எழுதிய அதே பக்கம், இந்த மலைத்தொடரில் நூறு வருஷத்துக்கு முன்பே பளியர்கள் காட்டுப் பொருளை நம்பி வாழ்ந்தார்கள் என்பதற்குச் சாட்சியாகவும் நிற்கிறது. செண்பகத்தோப்பைச் சுற்றிய காடு 1988-ல் அணில் சரணாலயம் ஆனது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்தது. அந்தக் காட்டுக்குள் தேனுக்கும் கிழங்குக்கும் போய்வருகிறவர்களுக்குப் பழைய தாள் என்பது வெறும் படிப்பு விஷயம் இல்லை.

ஆனால், தேடும்போது ரெண்டு இடத்தில் கால் இடறும். ஒன்று, எழுத்து. ஆங்கிலத்தில் ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எழுத்துதானே! பளியர், பழியர் என்று நாம் எழுதுவது நூலகப் பட்டியலில் பலியன், பல்லியர், பலையர் என்று எப்படி வேண்டுமானாலும் இருக்கும். தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலிலேயே காதுக்கு ஒன்றுபோல ஒலிக்கும் மூன்று பெயர்கள் அடுத்தடுத்துத் தனித்தனியாக இருக்கின்றன. எல்லா எழுத்துக்கூட்டலையும் போட்டுத் தேட வேண்டியதுதான். இன்னொன்று, மாவட்டம். தர்ஸ்டன் காலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் இருந்தது திருநெல்வேலி மாவட்டத்தில். 1910-ல் ராமநாதபுரம் மாவட்டத்துக்குப் போனது. விருதுநகர் மாவட்டம் 1985-ல் வந்தது. விருதுநகர் என்று போட்டுப் பழைய ஆவணத்தைத் தேடினால் ஒன்றும் சிக்காது.

ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் கவலை இல்லை. க. ரத்னம் மொழிபெயர்ப்பில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் இதைத் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற பெயரில் வெளியிட்டிருக்கிறது. ஆங்கில மூலம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

தர்ஸ்டனோடு நிறுத்திவிடவும் கூடாது. 1962-ல் பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க ஆய்வாளர் பளியர்களிடம் வந்தார். தலையை அளக்க வரவில்லை. கூடவே தங்கிக் கவனிக்க வந்தார். பாதிரியார் கண்ணுக்குச் சோம்பலாகத் தெரிந்த வாழ்க்கையில் அவர் வேறொன்றைக் கண்டார். ஒருவரை ஒருவர் அதட்டாத சமூகம். சண்டை மூளும்போல இருந்தால் கைநீட்டாமல் விலகிப் போய்விடுகிறவர்கள். பெரியவர், சின்னவர், ஆண், பெண் என்று பாராமல் ஒருவர் விருப்பத்தில் இன்னொருவர் தலையிடாத பழக்கம். உலகெங்கும் வன்முறையற்ற சமூகங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றைக்குப் பளியரை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள் என்றால் கார்ட்னரின் எழுத்து முக்கியக் காரணம். தமிழில் பிலோ இருதயநாத், பக்தவத்சல பாரதி எழுதியவை இருக்கின்றன. இந்திய மானுடவியல் ஆய்வகம் கே.எஸ். சிங் தலைமையில் கொண்டுவந்த வரிசையில் தமிழ்நாட்டுத் தொகுதிகள் உண்டு. ஊட்டி போகிறவர்கள் முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்துக்கும் ஒரு நடை போய்வரலாம். பொட்டானிக்கல் கார்டனில் கூட்டம் அதிகமா இருக்கிற நாளில் இது இன்னும் நல்ல யோசனை!

தர்ஸ்டன் என்ன ஆனார்? ஏழு தொகுதிகளுக்குப் பிறகு 1912-ல் தென்னிந்திய சகுனங்கள், மூடநம்பிக்கைகள் பற்றி ஒரு நூல், 1913-ல் சென்னை மாகாணத்தைப் பற்றி ஒரு நூல். ஓய்வுபெற்று இங்கிலாந்து போனவர் மனிதர்களை விட்டுவிட்டுத் தாவரங்களுக்குப் போய்விட்டார். கார்ன்வால் பகுதியில் வளரும் உள்நாட்டு, வெளிநாட்டு மரங்களையும் புதர்களையும் பட்டியலிட்டு 1930-ல் ஒரு புத்தகம். அப்போது அவருக்கு எழுபத்தைந்து வயது. 1935 அக்டோபர் 12 அன்று கார்ன்வாலின் பென்சான்ஸ் ஊரில் இறந்துபோனார்.

அவர் அளந்த தலைகளுக்குக் கணக்கு இருக்கிறது. பெரும்பாலும் பெயர் இல்லை. சென்னைக்குப் போகும்போது நேரம் கிடைத்தால் எழும்பூர் மியூசியத்துக்குப் போங்கள். மானுடவியல் பகுதியில் பழங்குடிகளின் கூடை, வில், நகைகளைப் பார்த்துவிட்டு, அதே வளாகத்தில் உள்ள கன்னிமாராவுக்கு நடந்து வந்து ஐந்தாம் தொகுதியைக் கேளுங்கள். மறக்காம, கூடவே கார்ட்னரையும் கேட்டு வாங்கிக்கோங்க.