இரும்பின் அயர்ச்சியை அறிந்தவர்

திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலையில் 1928ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இரயில்வே பணிமனை ஒன்று உண்டு. அத்தகைய பணிமனைகளில் வண்டி அச்சுகளில் விரிசல் உளதோ என நுணுகி ஆராய்வர். அவ்வாராய்ச்சிக்கு அடிகோலியவர் ஆகஸ்ட் வோலர் என்னும் செருமானியப் பொறியாளர் ஆவார்.

வோலர் 1819ஆம் ஆண்டில் ஆனோவர் நாட்டுச் சோல்டாவ் என்னும் ஊரில் பிறந்தார். 1847இல் இரயில்வே பணிமனை ஒன்றின் தலைவரானார். அதற்கு ஐந்தாண்டுகட்கு முன்னர், பிரான்சு நாட்டில் வெர்சேல்சு நகரிலிருந்து பாரிசு நோக்கி வந்த வண்டியின் எஞ்சின் அச்சு முறிந்தது. வண்டி கவிழ்ந்து தீப்பற்றியதால் 50 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். வலிய அச்சு முறிந்தது ஏன்? குலுக்கத்தால் இரும்பின் இயல்பே திரிந்துவிடுகின்றது என்று பலர் கருதினர். வோலரோ சோதனையால் உண்மை காண முற்பட்டார்.

கம்பியை ஒருமுறை வளைத்தால் அது முறிவதில்லை. இருபுறமும் மாறி மாறிப் பன்முறை வளைத்தால் முறிந்துவிடுகின்றது. சுழலும் அச்சின் நிலையும் அதுவே. அரைச்சுற்றில் இழுபடும் பக்கம் அடுத்த அரைச்சுற்றில் அமுக்கப்படுகின்றது. அச்சு முறுக்கத்திற்கும் உள்ளாகின்றது. ஓடும் வண்டியில் இவ்விரண்டின் அளவையும் துத்தநாகத் தகட்டில் கீறிப் பதியும் கருவியை அவர் அமைத்தார்.

பின்னர், இரும்பைச் சிறு உருளைத் துண்டுகளாகக் கடைந்து, வளைத்தும் முறுக்கியும் இழுத்தும் சோதிக்கும் பொறிகளை இயற்றினார். துண்டுகள் இலட்சக்கணக்கிலும் கோடிக்கணக்கிலும் சுழன்றன. ஒருமுறை எளிதில் தாங்கும் சுமையே பன்முறை மாறி வரின் இரும்பை முறிக்கும் என்றும், ஓர் எல்லைக்குக் குறைந்த சுமை முறிப்பதில்லை என்றும் கண்டார். பருமன் மாறும் இடத்தில் கூரிய மூலையுடைய துண்டுகள் விரைவில் முறிந்தன. அவ்விடம் வளைவாகக் கடையப்பட்டவை நெடிது நின்றன. எனவே, துண்டின் வடிவமும் அதன் வலிமையை உறுதி செய்வதாயிற்று. பல்லாண்டு உழைப்பின் முடிவுகளை 1870இல் தொகுத்து வெளியிட்டார்.

வளைவும் முறுக்கமும் ஒருங்கே தாக்கும் நிலையை இங்கிலாந்தில் கஃப், பொல்லார்டு என்னும் இருவர் ஆராய்ந்து 1935இல் முடிவுகளை வெளியிட்டனர். சோதனைத் துண்டைப் பொருத்தும் கோணத்தை மாற்றியே அவ்விரண்டையும் வேண்டிய அளவில் கலந்தனர்.

வோலர் 1914இல் தம் 94ஆம் வயதில் மறைந்தார். ஆயிரமாயிரம் மக்கள் அச்சமின்றி இரயிலில் ஏறிச் செல்வதற்கு, சிறு துண்டுகளைப் பொறுமையோடு முறித்துப் பார்த்த அப்பெரியாரின் உழைப்பும் ஒரு காரணமாகும்.